கடல் மட்டத்திலிருந்து கிளிமஞ்சாரோவுக்கு: வாசகர் கேள்வி பதில்

தன்சானியாவிலுள்ள கிளிமஞ்சாரோ, 5,895 மீற்றர் உயரத்துடன் ஆபிரிக்காவின் ஆக உயர்ந்த மலை. வழமையான பாதைகளில் கயிறும் பனிக்கோடரியும் தேவையில்லை. நடந்தே உச்சிக்குப் போகலாம். அதனாலேயே பலர் போதிய ஆயத்தமின்றிப் போய் நோயாளியாகத் திரும்புகிறார்கள். அந்த மலைக்குப் போக எண்ணியிருக்கும் திருகோணமலை மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

நாங்கள் நான்கு நண்பர்கள், முப்பது வயதுக்குட்பட்டவர்கள். தினமும் பின்னேரம் கரப்பந்து ஆடுகிறோம். மலையே இல்லாத திருகோணமலையில் இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி எடுப்பது? (கே. ர., உப்புவெளி)

கால்களை இங்கே பழக்கலாம். உயரத்துக்கு உடலைப் பழக்க இலங்கையில் எங்குமே இடமில்லை. நமது ஆக உயர்ந்த மலையான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். கிளிமஞ்சாரோவில் இரண்டாம் இரவு தங்குமிடமே அதைவிட 1,000 மீற்றருக்கு மேல் உயரம். ஆகவே ஊரில் கால், முதுகு, மூச்சு மூன்றையும் உறுதியாக்குங்கள். உயரத்துக்கான ஏற்பாட்டை நாட்களைக் கொண்டுதான் செய்ய வேண்டும். அதை அடுத்த கேள்வியில் சொல்கிறோம்.

நான்கு மாதம் ஒதுக்குங்கள். கரப்பந்து நல்ல விளையாட்டு, ஆனால் அது சில விநாடிகள் பாய்ந்து பிறகு நிற்பது. மலையில் தேவைப்படுவது ஆறு, ஏழு மணித்தியாலம் நிற்காமல் மெதுவாக நடக்கும் பழக்கம். கிழமையில் மூன்று நாள், பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறும் வீதியில் ஒரு மணித்தியாலம் ஏறி இறங்குங்கள். வெயிலுக்கு முன், அதிகாலை ஐந்து மணிக்கே தொடங்கினால் கோயிலுக்கு வருவோருக்கும் இடைஞ்சல் இராது. முதுகுப் பையில் முதல் மாதம் 4 கிலோ, மூன்றாம் மாதத்தில் 8 கிலோ. ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்களையே பாரமாக வையுங்கள். முழங்கால் நொந்தால் தண்ணீரை ஊற்றிவிட்டு வெறும் பையோடு இறங்கலாம். ஒருவரோடு ஒருவர் முழு வசனமாகப் பேசிக்கொண்டு ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

நான்காவது நாளாக ஞாயிற்றுக்கிழமை நெடுநடை. நகரிலிருந்து நிலாவெளி வரை ஏறக்குறைய 15 கிலோமீற்றர். பாதித் தூரத்தைக் கடற்கரையின் இளகிய மணலில் நடங்கள். உச்சிக்குக் கீழேயுள்ள எரிமலைச் சரளையில் கால் புதைந்து வழுக்கும். மணல் நடை கணுக்காலையும் கெண்டைக்காலையும் அதற்குத் தயார்செய்யும். மலைச் சப்பாத்தை மட்டும் உப்பு மணலுக்குக் கொண்டுபோகாதீர்கள். பழைய சப்பாத்துப் போதும்.

பெரும்பாலானோர் மறந்துவிடுவது இறக்கத்தை. மச்சாமே பாதையில் உச்சியைத் தொட்ட அதே நாளில் 5,895 மீற்றரிலிருந்து ம்வேக்கா முகாமுக்கு, அதாவது ஏறக்குறைய 2,800 மீற்றர் கீழே இறங்க வேண்டும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரம் தாங்குகிறது. பழகாத தசை அடுத்த நாள் நடக்கவே விடாது. இதற்கு நம் நாட்டில் சிவனொளிபாதமலையைவிட நல்ல இடம் இல்லை. நல்லதண்ணிப் பக்கமாக ஏறக்குறைய 5,500 படி, 1,000 மீற்றர் ஏற்றம், அதே அளவு இறக்கம். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் போனால் வழிநெடுக விளக்கு எரியும், தேத்தண்ணிக் கடைகளும் இருக்கும். கண்டி, ஹற்றன் வழியாகப் போய் ஒருநாள் அதை ஏறி இறங்கி, அடுத்த நாளே ஹோட்டன் சமவெளியில் கிரிகல்பொத்த வரை போய்வரும் நடையைச் செய்யுங்கள். களைத்த கால்களோடு இரண்டாம் நாள் நடப்பதுதான் உண்மையான பரீட்சை. பயணத்துக்கு மூன்று, நான்கு கிழமை முன்பு இதைச் செய்து, கடைசிப் பத்து நாளில் பயிற்சியைக் குறைத்துவிடுங்கள்.

ஒரு நிறுவனம் ஐந்து நாள் மராங்கு பாதையை மிகக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறது. கட்டில் உள்ள குடில்களாம், இலகுவான பாதையாம். எடுக்கலாமா? (ச. ஜெ., உவர்மலை)

எடுக்க வேண்டாம். காரணத்தை எண்களே சொல்லும். முதலாம் இரவு மண்டாரா குடில் 2,720 மீற்றர். இரண்டாம் இரவு ஹொரொம்போ 3,720. மூன்றாம் நாள் கிபோ குடில் 4,720; அன்று நள்ளிரவே அங்கிருந்து உச்சிக்குப் புறப்பட வேண்டும். 3,000 மீற்றருக்கு மேலே, படுத்துறங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் கூடாமலும், மூன்று நான்கு நாளுக்கொருமுறை உயராமல் ஓர் இரவு தங்கியும் போக வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. ஐந்து நாள் திட்டம் அதன் இருமடங்கு வேகத்தில் ஏறுகிறது. உச்சியில் காற்றழுத்தம் திருகோணமலைக் கடற்கரையில் இருப்பதன் பாதியளவே. அழுத்தம் பாதியானால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் பாதி.

உயரத்தில் உடல் முதலில் செய்வது மூச்சைக் கூட்டுவது. மூச்சுக் கூடினால் காபனீரொட்சைட்டு அதிகமாக வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. உடனே மூளை மூச்சுக்குக் கடிவாளம் போடுகிறது. சிறுநீரகம் அந்தக் காரத்தை வெளியேற்றிய பின்புதான் கடிவாளம் தளரும். அதற்குச் சில நாட்கள் வேண்டும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அந்த நாட்களைச் சுருக்க முடியாது. இளவயதினரும் விளையாட்டு வீரர்களும் வேகமாக ஏறுவதால்தான் அதிகம் விழுகிறார்கள்.

எங்கள் தெரிவு, ஏழு நாள் மச்சாமே அல்லது எட்டு நாள் லெமோஷோ. மச்சாமே பாதையில் மூன்றாம் நாள் ஏறக்குறைய 3,800 மீற்றரிலுள்ள ஷிரா முகாமிலிருந்து 4,600 மீற்றரிலுள்ள லாவா டவர் வரை ஏறி, மதிய உணவுக்குப் பின் 3,950 மீற்றர் அளவிலுள்ள பரங்கோவுக்கு இறங்கிப் படுக்கிறீர்கள். பகலில் உயரத்தைக் காட்டி இரவில் தாழ்வில் தூங்குவது உடலைப் பழக்கும் மிக நல்ல வழி. இதையே ஆறு நாளாகவும் விற்கிறார்கள். அதில் கரங்கா முகாமில் தங்கும் இரவு வெட்டப்படுகிறது: பரங்கோவிலிருந்து உச்சிக்கு முந்திய முகாமான பராஃபு வரை நாள் முழுக்க நடந்துவிட்டு, அன்றிரவே உச்சிக்கு. மராங்குதான் வேண்டுமென்றால் ஹொரொம்போவில் இரண்டு இரவு தங்கும் ஆறு நாள் திட்டத்தை எடுங்கள். மழைக்காலத்தில் அந்தக் குடில்கள் பெரிய ஆறுதல். வடக்கிலிருந்து ஏறும் ரொங்காய் வறண்ட, அமைதியான பாதை. உம்ப்வே செங்குத்து, முதல்முறை போவோருக்கு வேண்டாம். வெஸ்டர்ன் பிரீச் வழியாக உச்சிக்கு ஏறும் பாதையைத் தொடவே வேண்டாம். அங்கு 2006 ஜனவரியில் கல் சரிந்து மூவர் இறந்தனர்.

மேலதிகமாக ஒரு நாள் தங்க எவ்வளவு செல்லும்? அண்மைய ஆண்டுகளில் வெளிநாட்டவருக்கான பூங்காக் கட்டணம் நாளொன்றுக்கு 70 டொலர், கூடாரம் போடும் இடத்துக்கு இரவுக்கு 50 டொலர், இவற்றோடு 18 சதவீத வரி. ஆக 140 டொலர் சொச்சம், அதற்கு மேல் சம்பளமும் சாப்பாடும். கட்டணம் மாறக்கூடியது, பதிவுசெய்யும்போது கேளுங்கள். புதுச் சாமான் வாங்க வைத்திருக்கும் காசை இந்த ஒரு நாளுக்குக் கொடுங்கள்.

நான் புறாத்தீவுப் பக்கம் சுழியோடி. மூன்று நிமிடம் மூச்சடக்குவேன். மலையில் இது உதவுமா? (அ. மு., நிலாவெளி)

நெஞ்சுறுதியும் பதற்றமில்லாத மனமும் உதவும். மூச்சடக்கும் திறன் உதவாது. மூச்சடக்கிப் பழகியவரின் உடல், காபனீரொட்சைட்டு கூடினாலும் மூச்செடுக்க அவசரப்படாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. மலையில் வேண்டியது இதற்கு எதிரானது: தூண்டுதல் வந்தவுடன் அதிகமாக மூச்செடுக்கும் உடல். எனவே மலையில் நினைத்து நினைத்து ஆழமாக மூச்செடுங்கள், எந்த நேரத்திலும் அடக்கிப் பார்க்காதீர்கள். படமெடுக்கக் குனிகையிலும் சப்பாத்து நாடா கட்டுகையிலும் நம்மையறியாமல் மூச்சை நிறுத்துவோம். எழும்பும்போது தலை சுற்றும்.

சிலிண்டரோடு சுழியோடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடர்ந்து சில நாள் சுழியோடியிருந்தால் விமானமேறக் குறைந்தது 18 மணித்தியால இடைவெளி வேண்டும்; மேலே வரும் வழியில் நின்று நின்று அழுத்தம் இறக்க வேண்டிய அளவுக்கு ஆழம் போயிருந்தால் 24 மணித்தியாலத்துக்கும் மேல். பயணத்துக்கு முந்திய இரண்டு நாள் கடலுக்கு இறங்காமல் விடுவதே நல்லது. காதோ சைனஸோ அடைத்திருந்தால் அதையும் முன்பே காட்டிச் சுகப்படுத்துங்கள்.

டயமொக்ஸ் குளிசை போட்டால் உயர நோய் வராது என்கிறார்கள். போட்டால் நோயை மறைத்துவிடும் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். எது உண்மை? (தி. வ., கிண்ணியா)

இரண்டும் பிழை. அசெற்றசோலமைட் என்ற அந்த மருந்து, மேலே சொன்ன சிறுநீரகத்தின் வேலையை விரைவாக்குகிறது. அதனால் மூச்சுச் சீராகிறது, இரவில் தூக்கமும் கொஞ்சம் நன்றாக வரும். நோயை மறைப்பதில்லை, குளிசை போட்டும் தலையிடி வந்தால் அது உண்மையான தலையிடி. நோய் வராது என்ற உத்தரவாதத்தையும் அது தராது. ஏழு நாள் பாதையை ஐந்து நாளாக்க அதைத் துணைக்கு எடுப்பதுதான் ஆபத்து.

வளர்ந்தவருக்கு வழக்கமான தடுப்பு அளவு 125 மில்லிகிராம், காலையும் மாலையும். குளிசை பெரும்பாலும் 250 மில்லிகிராமாக வருவதால் பாதியாக முறிக்க வேண்டும். ஏறத் தொடங்குவதற்கு முதல் நாளே தொடங்கி, உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கியதும் நிறுத்தலாம். வைத்தியரிடம் காட்டித்தான் எடுக்க வேண்டும்: சல்பா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரக நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாமற் போகலாம். ஊரிலேயே இரண்டு நாள் போட்டுப் பாருங்கள். விரல் நுனியிலும் உதட்டிலும் விறுவிறுக்கும், அடிக்கடி சலம் போகும், சோடா சுவையற்றுப் போகும். இவற்றை முன்பே தெரிந்துகொண்டால் மலையில் பயப்படமாட்டீர்கள். இரண்டாவது வேளையைப் பின்னேரம் நாலு மணிக்கே போட்டால் இரவில் கூடாரத்தை விட்டு எழும்பும் தடவைகள் குறையும்.

தலையிடிக்குப் பரசிற்றமோல் போடலாம். தூக்கக் குளிசையும் மதுவும் மூச்சைத் தாழ்த்தும்; மலையில் இரண்டையும் தொடாதீர்கள்.

ரீச்சராக இருந்து ஓய்வுபெறப் போகிறேன், வயது 57. சீனி வருத்தமும் பிறஷரும் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மகனோடு ஏற ஆசை. முடியுமா? (ந. ச., மூதூர்)

வயது தடையில்லை, ரீச்சர். மெதுவாக நடப்போர் இளவயதினரைவிட நன்றாக ஏறுவதுண்டு. ஆனால் பயணச்சீட்டு வாங்குமுன், இப்போது பார்க்கும் வைத்தியரிடம் "5,900 மீற்றர், ஏழு நாள், உச்சி நாளில் 12 மணித்தியாலத்துக்கும் மேலான நடை" என்று தெளிவாகச் சொல்லி அனுமதி வாங்குங்கள். கண்ணின் விழித்திரையையும் இருதயத்தையும் பரிசோதிக்க வேண்டும். விழித்திரையில் புதுக் குழாய்கள் முளைத்திருந்தால் உயரத்தில் இரத்தம் கசியக்கூடும்.

மருந்துகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மெற்போமின் எடுப்பவர் சத்தியோ வயிற்றோட்டமோ வந்து நீர் வற்றினால் என்ன செய்வது என்று தெரிந்திருக்க வேண்டும். பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடியும் புதிய வகைக் குளிசைகள், சாப்பாடு குறைந்து உடல் களைக்கும்போது சீனி அளவு சாதாரணமாக இருக்கையிலேயே இரத்தத்தை அமிலமாக்கக்கூடும். மலை நாட்களில் நிறுத்துவதா என்பதை வைத்தியர் சொல்லட்டும். கிளிக்ளசைட் போன்றவை நாள்முழுக்க நடக்கையில் சீனியைத் திடீரென இறக்கும். இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும்; இரவில் படுக்கைப் பைக்குள், பகலில் உட்சட்டைப் பையில் வையுங்கள். சீனி பார்க்கும் கருவியும் குளிரில் பிழையாகக் காட்டும், அதையும் உடம்போடு வைத்துச் சூடாக்கிய பின் பாவியுங்கள். அற்றனலோல் வகைப் பிறஷர் மருந்து இருதயத் துடிப்பைக் கூடவிடாது, விரல்களையும் குளிரவைக்கும். சலம் போக்கும் பிறஷர் மருந்தோடு டயமொக்ஸும் சேர்ந்தால் உடல் வறண்டுவிடும்.

வயது எதுவானாலும் பெண்கள் எல்லோருக்கும் ஒன்று: மூன்று மாதம் முன்பே ஹீமோகுளோபின் பாருங்கள். ஒட்சிசனைச் சுமப்பது அதுதான். குறைந்திருந்தால் இரும்புச்சத்துக் குளிசையால் ஈடுசெய்ய இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும்.

கனடாவிலுள்ள அத்தான் தன் குளிர் ஜக்கெட்டையும் பனிச் சப்பாத்தையும் அனுப்புகிறார். இவை போதுமா? 25 பாகைக்குக் கீழே குளிரே தெரியாத ஊர்க்காரன் நான். (பி. து., சாம்பல்தீவு)

ஜக்கெட்டை வாங்கிக்கொள்ளுங்கள், உச்சி இரவுக்கு உதவும். நகரத்துப் பனிச் சப்பாத்தை வேண்டாமென்று சொல்லுங்கள். அது பஸ்ஸுக்குக் காத்து நிற்கச் செய்தது. அடி தடிப்பு, வளையாது, குதிக்காலைப் பிடிக்காது. கணுக்கால் மூடும் மலைச் சப்பாத்தை நீங்களே போட்டுப் பார்த்து வாங்குங்கள். தடித்த மேசுடன், பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு பாருங்கள். சரிவில் குனிந்து நிற்கும்போது பெருவிரல் முன்பக்கம் முட்டக்கூடாது. முட்டினால் இறக்கத்தில் நகம் கறுத்துக் கழன்றுவிடும். வாங்கியபின் குறைந்தது 80 கிலோமீற்றராவது அதிலே நடந்திருக்க வேண்டும். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சப்பாத்தைப் பயணப் பொதியில் போடாமல் காலில் போட்டபடி விமானமேறுங்கள். பொதி தொலைந்தால் மற்றெல்லாவற்றையும் மலையடிவார நகரான மோஷியில் வாடகைக்கு எடுக்கலாம், பழகிய சப்பாத்தை எடுக்க முடியாது.

உயரம் 1,000 மீற்றர் கூடினால் வெப்பம் ஏறக்குறைய 6 பாகை இறங்கும். மலையடிவாரத்தில் சேர்ட்டோடு நடப்பீர்கள். உச்சி இரவில் பூச்சியத்துக்குக் கீழே 10 முதல் 20 பாகை வரை, காற்றும் சேரும். ஆகவே ஒரே தடித்த உடுப்பு பயன்படாது. வியர்வையை உறிஞ்சி வெளியேவிடும் மெல்லிய கம்பளி அல்லது செயற்கை நூல் உட்சட்டை, அதன் மேல் ஃபிளீஸ், அதன் மேல் இறகு நிரப்பிய ஜக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத மெல்லிய அங்கி. கீழே உட்காற்சட்டை, நடைக்காற்சட்டை, மழைக்காற்சட்டை. பருத்தி பெனியனும் ஜீன்ஸும் வேண்டாம். நனைந்த பருத்தி காயாது, உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும்.

விரல்கள்தான் முதலில் விறைக்கும். மெல்லிய கையுறைக்கு மேலே, விரல் பிரியாத தடித்த உறை. படுக்கைப் பை பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரை சுகமாகத் தூங்கலாம் என்று குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். "எக்ஸ்ட்ரீம்" (Extreme) என்று போட்ட எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது உயிர் தப்பும் அளவு. நெற்றி ரோச்சும் மாற்று பற்றறியும், பக்கமும் மூடிய கறுப்புக் கண்ணாடியும், இரண்டு ஊன்றுகோலும் அவசியம். தண்ணீர் கொண்டுபோக அகன்ற வாய்ப் போத்தல் வாங்குங்கள். ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்ரிக் போத்தல்களைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். எல்லாவற்றையும் அணிந்து நுவரெலியாவின் ஜனவரி இரவொன்றில் வெளியே இரண்டு மணித்தியாலம் நடந்து பாருங்கள். எந்த ஸிப் இறுகுகிறது, எந்தப் பையில் கை போகவில்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

உச்சி இரவில்தான் பலர் திரும்புகிறார்கள் என்கிறார்கள். அந்த இரவில் என்னதான் பிழைக்கிறது? (இ. கு., சீனன்குடா)

பராஃபு முகாம் ஏறக்குறைய 4,670 மீற்றர். பின்னேரம் ஐந்து மணிக்குச் சாப்பிட்டு, தூக்கம் வராமல் புரண்டு, இரவு 11 அல்லது 12 மணிக்குப் புறப்படுவீர்கள். எரிமலை வாய்ப் பள்ளத்தின் விளிம்பிலுள்ள ஸ்ரெல்லா பொயின்ற் 5,756 மீற்றர். அங்கே போக ஆறு, ஏழு மணித்தியாலம். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் முக்கால் மணி அல்லது ஒரு மணி. இரவில் ஏறுவதற்குக் காரணமுண்டு: சரளை உறைந்து இறுகியிருக்கும், காலையில் முகில் குறைவு, இறங்கப் பகல் முழுவதும் கிடைக்கும்.

முதற் பிழை புறப்படும்போதே நடக்கிறது. குளிருக்குப் பயந்து எல்லா உடுப்பையும் போட்டுக்கொண்டு, முன்னால் போகிற குழுவைப் பிடிக்க வேகமாக ஏறுவார்கள். அரை மணியில் வியர்த்து, உட்சட்டை நனைந்து, அடுத்த ஓய்வில் அதுவே குளிர்ந்து நடுங்க வைக்கும். புறப்படுகையில் சற்றுக் குளிராகவே உணர வேண்டும். இறகு ஜக்கெட் பையின் மேலே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வழிகாட்டிகள் "பொலே, பொலே" (மெதுவாக, மெதுவாக) என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த அடி வைக்க ஒரு முழு மூச்சு, அவ்வளவு ஆறுதலாக.

இரண்டாவது, தண்ணீர். உறிஞ்சுகுழாய்ப் பைகளின் குழாய் இரண்டு மணிக்குள் உறைந்துவிடும். கொதிநீரைப் போத்தலில் நிரப்பி, மேசுக்குள் நுழைத்து, தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையத் தொடங்கும், மூடிப் பக்கம் கீழே இருந்தால் குடிக்கலாம். மலை நாட்களில் தினம் மூன்று லீற்றராவது குடிக்க வேண்டும்; சலம் தேயிலைச் சாயம் போலக் கறுத்தால் போதவில்லை. சாப்பாடு வயிற்றுக்குப் பிடிக்காது. அரை மணிக்கொருமுறை ஒரு வாய் கச்சான் அல்வாவோ பேரீச்சம்பழமோ இனிப்போ போடுங்கள். கடித்து முறிக்க முடியாமல் உறைந்து போகும் சொக்கிலேற் கட்டிகளை நம்பாதீர்கள். தொலைபேசியும் மாற்று பற்றறியும் நெஞ்சோடு இருக்கட்டும், வெளிப் பையில் வைத்தால் உச்சியில் உயிரிருக்காது.

மூன்றாவதுதான் உயிரோடு சம்பந்தப்பட்டது. தலையிடி, ஓங்காளம், களைப்பு மூன்றும் அந்த இரவில் பலருக்கும் வரும். அவை கடுமையாகாதவரை வழிகாட்டியிடம் சொல்லிக்கொண்டு நடக்கலாம். ஆனால் ஓய்ந்து உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், நெஞ்சில் நீர் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டால், சளியில் நுரையோ இளஞ்சிவப்போ கண்டால், அது நுரையீரலில் நீர். நடை தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அது மூளை வீக்கம். சந்தேகமிருந்தால் ஒரு காலின் குதியை மற்றக் காலின் விரல் நுனியில் முட்டவைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். முடியாதவர் அந்த நிமிடமே, துணையோடு, இருட்டாக இருந்தாலும் இறங்க வேண்டும். விடியட்டும், கொஞ்சம் படுத்தெழும்பட்டும் என்று காத்திருந்தவர்கள் இறந்திருக்கிறார்கள். ஒட்சிசன் சிலிண்டரும் டெக்சமெதசோன், நிபெடிபின் மருந்துகளும் இறங்குவதற்கு நேரம் வாங்கித் தருபவை மட்டுமே.

விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அந்த உயரத்தில் 80 என்ற அளவுக்குச் சற்று மேலும் கீழும் காட்டுவது வழமை, குளிர்ந்த விரலில் இன்னும் குறைத்துக் காட்டும். ஆளின் நடையும் பேச்சும்தான் பெரிய அளவி. நண்பர்களுக்குள் முன்பே பேசி வையுங்கள்: ஒருவர் திரும்பினால் யார் கூட இறங்குவது, எத்தனை வழிகாட்டி மிஞ்சுவர். நான்கு பேருக்குக் குறைந்தது இரண்டு வழிகாட்டிகளாவது இருக்க வேண்டும்.

சுத்த சைவம். மலையில் பட்டினியா? (சி. ப., திருக்கடலூர்)

இல்லை. கஞ்சி, சூப், சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, சோளமா உகாலி, பழங்கள் எல்லாம் சமைப்பார்கள். முட்டையும் வேண்டாமென்றால் அதைத் தனியாக எழுதி அனுப்புங்கள். அங்கே பலர் முட்டையைச் சைவமாக எண்ணுவர். உயரத்தில் பசி செத்துவிடும் என்பதால் உறைப்பான ஏதாவது வாய்க்கு இருக்க வேண்டும். எலுமிச்சை ஊறுகாயும் பருப்புப் பொடியும் சிறிய போத்தலில் கொண்டுபோங்கள்.

நமது சாமானைச் சுமப்பவர்களுக்கு என்ன கொடுப்பது? (ம. ரா., தம்பலகாமம்)

வழிகாட்டி இல்லாமல் மலையேறப் பூங்கா அனுமதிக்காது. ஒரு சுமைதூக்குபவரிடம் 20 கிலோவுக்கு மேல் சுமை கொடுக்கக்கூடாது. உங்கள் பை 15 கிலோவைத் தாண்டக்கூடாது. வாசலில் நிறுப்பார்கள். சில்லுப் பெட்டி வேண்டாம், மெதுவான துணிப்பை எடுங்கள், உள்ளே எல்லாவற்றையும் பொலித்தீன் அல்லாத நீர்புகாப் பைகளில் கட்டுங்கள். தன்சானியா 2019 ஜூனிலிருந்து பிளாஸ்ரிக் கடைப்பைகளைத் தடைசெய்துள்ளது.

பதிவுசெய்யுமுன் நிறுவனத்திடம் கேளுங்கள்: சுமைதூக்குபவருக்கு நாட்கூலி எவ்வளவு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டா, எங்கே தூங்குகிறார்கள், ஒட்சிசனும் தூக்குப்படுக்கையும் கொண்டுபோகிறீர்களா. தெளிவாகப் பதில் தராத இடத்துக்குக் காசு கட்டாதீர்கள். மோஷியில் இயங்கும் கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம் கூலி, உணவு, கூடாரம் சரியாகக் கொடுக்கிறார்களா என்று பார்த்து, பங்காளி நிறுவனங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. ஏழு நாள் மச்சாமேக்குப் பூங்காவுக்குக் கட்டுவதே ஒருவருக்கு 950 டொலரைத் தொடும். அதற்குச் சற்று மேலான விலைக்கு முழுப் பயணத்தையும் தருகிறார்கள் என்றால், அந்தக் குறைவைச் சுமப்பவரின் வயிறுதான் ஈடுகட்டுகிறது.

அன்பளிப்புக்கு ஒருவர் 250 முதல் 300 டொலர் வரை ஒதுக்கி வையுங்கள். கடைசி நாளில், எல்லோரும் கூடியிருக்கும்போது, யார் யாருக்கு எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். ஒருவர் கையில் மொத்தமாகத் திணித்தால் கடைசி ஆளுக்குப் போய்ச் சேருமென்று எதிர்பார்க்க முடியாது.

எந்த மாதம் போவது? (வி. ஞா., ஆனந்தபுரி)

மார்ச் நடுப்பகுதி முதல் மே வரை பெருமழை, நவம்பரில் சிறுமழை. ஜனவரி, பெப்ரவரியும் ஜூலை முதல் ஒக்ரோபர் தொடக்கம் வரையும் நல்ல காலம். நமக்கு ஓகஸ்ட், செப்ரெம்பர் மிகவும் பொருந்தும்: ஜனவரியிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில் கால் பழக்கலாம், கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதிகாலை நடையைத் தொடரலாம். உச்சி இரவு போயாவையொட்டி வந்தால் நிலவொளி பெரிய உதவி. ஆட்கூட்டமும் அதிகமிருக்கும்.

என்னென்ன தடுப்பூசி? மலேரியாவுக்குக் குளிசை எங்கே எடுப்பது? (ஹ. ந., குச்சவெளி)

மஞ்சட் காய்ச்சல் ஊசி, நீங்கள் போகும் வழியைப் பொறுத்தது. வளைகுடா நாடொன்றில் விமானம் மாறி நேரே போனால் தன்சானியா அதைக் கேட்பதில்லை. அடிஸ் அபாபாவிலோ நைரோபியிலோ 12 மணித்தியாலத்துக்கு மேல் தங்கினாலும், மலைக்குப் பிறகு கென்யா, உகண்டா சுற்றித் திரும்பினாலும் சான்றிதழ் தேவை. பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடலாம். ஏற்பு ஊசி, தைபொயிட், ஹெப்பற்றைற்றிஸ் ஏ பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள்.

மலேரியாதான் பெரிய விடயம். மலையில் உயரே நுளம்பு இல்லை, ஆனால் மோஷி ஏறக்குறைய 900 மீற்றர்தான். அங்கே தங்கும் இரவுகளும் சஃபாரி நாட்களும் ஆபத்தானவை. நமது மலேரியாத் தடை இயக்கம் வெளிநாடு போவோருக்குத் தடுப்புக் குளிசையை இலவசமாகத் தருகிறது. பயணத்துக்கு இரண்டு கிழமை முன்பே பிராந்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். மலையேறப் போவதைக் கட்டாயம் சொல்லுங்கள்: மெஃப்ளோகுவின் தரும் தலைச்சுற்றும் கெட்ட கனவும் உயர நோயோடு குழம்பும், டொக்சிசைக்ளின் எடுப்பவருக்கு வெயில் தோலை எரிக்கும், பனியிலிருந்து தெறிக்கும் வெயில் இன்னும் மோசம். எந்தக் குளிசையானாலும் மலையில் இருக்கும் நாட்களிலும் தவறவிடக்கூடாது, திரும்பி வந்தபின்னும் சொன்ன நாள் வரை போட வேண்டும். டொக்சிசைக்ளின் என்றால் அது நான்கு கிழமை.

இலங்கையில் உள்ளூர் மலேரியா கடைசியாகப் பதிவானது 2012இல். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நமது நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. நோயைப் பரப்பும் நுளம்பு இன்னும் இங்கே இருக்கிறது. ஆகவே திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று நீங்களே முடிவெடுத்துப் பரசிற்றமோலோடு வீட்டில் படுக்காதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குப் போய், ஆபிரிக்கா போய் வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். முதற் சோதனையில் ஒன்றும் தெரியாமல் காய்ச்சல் தொடர்ந்தால் மீண்டும் சோதிக்க வேண்டும்.